இல்லாத ஆய்வாளரும் இருக்கிற சாதியும்

சுதந்திர தினம், குடியரசு தினம், காந்தி ஜெயந்தி, மே தினம் ஆகியவை முடிந்த மறுநாள் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் தவறாமல் ஒரு செய்தி இடம்பெறும். ஊழியர்களுக்கு விடுமுறையோ, மாற்று விடுப்போ, இரட்டிப்புச் சம்பளமோ தராமல் இயங்கிய இத்தனை கடைகள், இத்தனை உணவகங்கள் மீது தொழிலாளர் துறை நடவடிக்கை எடுத்தது என்பதே அச்செய்தி. தேசிய, பண்டிகை விடுமுறைகள் குறித்த 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்த ஆய்வுகள் நடைபெறுகின்றன. இவை தேவையானவையே. ஆனால் ஆண்டின் எஞ்சிய நாட்களில் செங்கல் சூளையையும், நூற்பாலை விடுதியையும், நகராட்சியின் குப்பை வண்டியையும் யார் ஆய்வு செய்கிறார்கள் என்ற கேள்வியை அச்செய்தி எழுப்புவதில்லை. நாம் அதை எழுப்பியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களான பதினொரு பெண்கள் எங்களைத் தேடி வந்தார்கள். அனைவரும் அருந்ததியர். அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கும் அவர்கள் கையில் வாங்கும் தொகைக்கும் பெரும் இடைவெளி இருந்தது. வழக்குத் தொடுக்கலாம் என்றோம். ஆனால் அவர்களிடம் ஊதியச் சீட்டு இல்லை, அடையாள அட்டை இல்லை, வேலை பார்த்ததற்கான ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வருகைப் பதிவேடும் ஊதியப் பதிவேடும் ஒப்பந்ததாரரிடம் இருந்தன. அவற்றைக் கேட்டுப் பெறவும் கைப்பற்றவும் சட்டம் அதிகாரம் அளித்திருந்த ஒருவர் தொழிலாளர் உதவி ஆய்வாளர். அவரைப் பார்க்கச் சென்றோம். பக்கத்து வட்டத்தின் பொறுப்பையும் சேர்த்துச் சுமந்துகொண்டிருந்த அவர், அன்று தராசுகளுக்கு முத்திரையிடும் முகாமுக்குப் போயிருந்தார்.

பல வாரங்கள் கழித்து, விளக்கம் கேட்டு ஒப்பந்ததாரருக்கு ஒரு கடிதம் போனது. நேரில் சென்று ஆய்வு நடக்கவில்லை. மனுவில் முதலில் கையெழுத்திட்ட இரு பெண்களிடம் மறுநாள் காலையில் மேஸ்திரி, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார். மற்ற ஒன்பது பேர் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இறுதியில் ஒரு சிறு தொகைக்குச் சமரசமாக வழக்கு முடிந்தது. சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. சட்டத்தைச் சுமந்துகொண்டு அந்த வளாகத்துக்குள் போக ஆள் இல்லை.

ஆய்வு எதற்காக?

தொழிலாளர் ஆய்வு என்பதை நம்மில் பலர் ஓர் அலுவலக நடைமுறையாகவே காண்கிறோம். அதன் வரலாறு வேறு. இங்கிலாந்தில் 1833-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முதன்முறையாக நான்கு ஆய்வாளர்களை நியமித்தது. அதற்கு முன்பும் அங்கே குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இருந்தன. அவற்றை நடைமுறைப்படுத்த ஊதியம் பெறும் அலுவலர்கள் இல்லாததால் அவை ஏட்டில் உறங்கின. தொழிலாளர் சட்டம் செயல்பட வேண்டுமானால் ஆலைக்குள் நுழையும் அதிகாரமுள்ள ஒருவர் வேண்டும் என்பது ஏறத்தாழ இரு நூற்றாண்டுப் பாடம்.

இந்தப் பாடத்தை உலகளாவிய விதியாக்கியது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1947-ஆம் ஆண்டு 81-ஆம் உடன்படிக்கை. இந்தியா 1949-இல் அதனை ஏற்றுக்கொண்டது. அதன் இரண்டு பிரிவுகள் நமக்கு மிக முக்கியமானவை. ஆய்வாளர் இரவிலும் பகலிலும் எந்நேரத்திலும், முன்னறிவிப்பின்றி, பணியிடத்துக்குள் நுழையலாம் என்கிறது 12-ஆம் பிரிவு. புகார் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வாளர் முற்றிலும் இரகசியமாக வைத்திருக்க வேண்டும். புகாரின் பேரில்தான் வந்திருக்கிறேன் என்பதைக்கூட முதலாளிக்கு உணர்த்தக் கூடாது என்கிறது 15-ஆம் பிரிவு.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். வாய் திறந்து புகார் சொல்ல முடியாத தொழிலாளியை மனத்தில் வைத்தே இந்த ஏற்பாடு உருவாக்கப்பட்டிருக்கிறது. ஆய்வாளர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்து வழக்கமாக வந்துகொண்டிருந்தால்தான், இன்று வந்ததற்கு யார் காரணம் என்று முதலாளியால் கண்டுபிடிக்க முடியாது. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை வந்தால், வந்த அன்றே புகார் சொன்னவர் யாரென்று மேஸ்திரிக்குத் தெரிந்துவிடும். ஆகவே ஆய்வாளர் பற்றாக்குறை, ஆய்வுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. நடக்கிற ஓரிரு ஆய்வுகளையும் தொழிலாளிக்கு ஆபத்தானதாக்கிவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று, உள்ளே இறங்கிப் பார்த்தார். துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவருக்கு அறிக்கைகள் மேசைக்கே வந்திருக்கும். ஆயினும் உழைப்பு நடக்கும் இடத்தை நேரில் பார்ப்பதற்கு எந்த அறிக்கையும் ஈடாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

பற்றாக்குறையின் சுமை யார் மீது?

ஆய்வாளர் இல்லாவிட்டால் தொழிலாளர் சட்டம் புகாரை மட்டுமே நம்பி இயங்கும். நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் நிரந்தர ஊழியருக்குத் தொழிற்சங்கம் இருக்கிறது, நியமன ஆணை இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஊதியம் வந்ததற்கான சான்று இருக்கிறது. அவரால் புகாரளிக்க முடியும். ஆய்வாளர் வராததால் அவருக்கு நேரும் இழப்பு ஒப்பீட்டளவில் குறைவு.

செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் இருளரின் நிலை வேறு. முன்பணம் கொடுத்தவரே முதலாளி. குடியிருக்கும் குடிசையும் அவருடையது. சந்தைக்குப் போகவும் அவருடைய அனுமதி வேண்டும். கிராமத்தில் கூலி வேலை செய்யும் தலித்துக்கு வேலை தருபவரும், அவசரத்துக்குக் கடன் தருபவரும், ஊராட்சியில் செல்வாக்குள்ளவரும் ஒரே ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர்களாக இருப்பார்கள். இங்கே புகார் என்பது வேலையை இழப்பதோடு முடியாது. கடையில் பொருள் கிடைக்காது, பாதை மறிக்கப்படும், சேரிக்குள் கும்பல் வரும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதற்குப் பின்னால் இருந்தது கூலி உயர்வுக் கோரிக்கை. அதற்கு அடுத்த ஆண்டே தஞ்சைப் பகுதிக்கென விவசாயத் தொழிலாளர் நியாய ஊதியச் சட்டம் வந்தது. கூலி கேட்பது இம்மண்ணில் சாதிய ஒழுங்கின் மீதான மீறலாகவே பார்க்கப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கழிவுநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்பின்றி மனிதர்களைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதைத் தடுக்கிறது. அதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதற்கென ஆய்வாளர்களை நியமிக்கவும், அவர்களுக்குச் சோதனையிடும் அதிகாரத்தை அளிக்கவும் வகைசெய்கிறது. உச்ச நீதிமன்றம் 2014-இல் இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை, 2023 அக்டோபரில் 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீட்டுத் தொகை நம் தோழர்கள் பலருக்கு மனப்பாடம். ஆனால் நம் மாவட்டத்தில் 20-ஆம் பிரிவின்கீழ் ஆய்வாளராக அறிவிக்கப்பட்டவர் யார், அவர் கடைசியாக எப்போது ஆய்வுக்குச் சென்றார் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? சாவுக்குப் பிந்தைய சட்டத்தை நாம் நன்கு கற்றுவிட்டோம். சாவுக்கு முந்தைய சட்டத்தைக் கைவிட்டுவிட்டோம்.

சிவகாசி வட்டாரத்திலும் இதே கதைதான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 உயிர்கள் பறிபோயின. அதற்குப் பின்னும் வெடிவிபத்துகள் ஓயவில்லை. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் உள்குத்தகை, ஓர் அறையில் அனுமதித்ததைவிட அதிகமான ஆட்கள், அளவுக்கு மீறிய வெடிமருந்து என்று அதே காரணங்கள் வெளிவருகின்றன. இவை ஒரே நாளில் தோன்றுபவை அல்ல. விபத்துக்கு முந்தைய நாள் யாரேனும் உள்ளே போயிருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கக் கூடியவை.

எத்தனை பேர் வேண்டும்?

எத்தனை தொழிலாளர்களுக்கு ஓர் ஆய்வாளர் இருக்க வேண்டும் என்பதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சில வழிகாட்டு அளவுகளை முன்வைத்துள்ளது. வளர்ந்த தொழில்துறை நாடுகளுக்கு 10,000 பேருக்கு ஒருவர். தொழில்மயமாகிவரும் நாடுகளுக்கு 15,000 பேருக்கு ஒருவர். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 40,000 பேருக்கு ஒருவர். இந்தியாவில் உழைப்பவர்கள் 50 கோடிக்குக் குறையாது. மிகத் தளர்வான கடைசி அளவை எடுத்தாலும் 12,500 ஆய்வாளர்கள் வேண்டும். தொழில்மய நாடு என்று பெருமை பேசினால் 33,000-க்கு மேல் வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் பிரச்சினையில்லை. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளின் பாதுகாப்பு ஓர் இயக்ககத்திடமும், கடைகள், குறைந்தபட்ச ஊதியம், குழந்தைத் தொழிலாளர் முதலியவை தொழிலாளர் துறையிடமும் பிரிந்து கிடக்கின்றன. பட்டாசு ஆலை என்றால் வெடிபொருள் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்துகொள்கின்றன. விபத்து நடந்தால் ஒவ்வொரு துறையும் மற்றதைக் கைகாட்டும். தொழிலாளர் துறையின் அதே அமலாக்க அலுவலர்கள்தான் எடையளவுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். தராசுக்கு முத்திரை, பொட்டலத்தில் விலை, பெட்ரோல் நிலையத்தில் அளவு என அத்தனையும் அவர்கள் தலையில். நுகர்வோருக்கு இது தேவையான வேலை. ஆனால் முத்திரைக் கட்டணம் அரசுக்கு வருவாய். தூய்மைப் பணியாளரின் ஊதியப் பதிவேட்டைப் புரட்டினால் அரசுக்கு வருவாய் இல்லை. நேரம் போதாத அலுவலர் எதை முதலில் செய்வார் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இதனால் நாம் போராடிப் பெறும் உரிமைகளே பாதியில் நின்றுவிடுகின்றன. கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வழங்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை செய்த பெண்களுக்குக் கிடைத்த மதிப்பான வெற்றி அது. ஆனால் கடைக்குள் இருக்கை இருக்கிறதா, இருந்தாலும் உட்கார விடுகிறார்களா என்று பார்ப்பவர் யார்? 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சட்டப் புத்தகத்தில் 12 மணி நேரம் நுழைவதைத் தடுத்துவிட்டோம். காவலாளியும் நூற்பாலைப் பெண்ணும் இன்றும் 12 மணி நேரம் உழைக்கிறார்கள். அந்த 12 மணி நேரத்துக்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படவில்லை. ஆய்வாளர் வராமல் இருந்தாலே போதுமானதாக இருந்தது.

ஆய்வாளர் வசதியாளர் ஆனார்

இந்தப் பற்றாக்குறை கவனக்குறைவால் மட்டும் நேர்ந்ததன்று. "இன்ஸ்பெக்டர் ராஜ்" ஒழிய வேண்டும் என்பது தாராளமயக் காலம் முழுவதும் முதலாளிகள் எழுப்பிய முழக்கம். 2014 அக்டோபரில் ஒன்றிய அரசு, எந்த நிறுவனத்துக்கு எந்த ஆய்வாளர் செல்ல வேண்டும் என்பதைக் கணினியே குலுக்கல் முறையில் தீர்மானிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. புகாரின் பேரில் ஆய்வு வேண்டுமா என்பதையும் மையமாகவே முடிவு செய்தார்கள். களத்தில் ஓர் அநீதியைக் கண்ணால் கண்ட அலுவலர் அங்கேயே உள்ளே நுழையும் சுதந்திரம் இதனால் சுருங்கியது. இந்தியாவின் ஆய்வு முறை 81-ஆம் உடன்படிக்கைக்கு ஏற்ப இருக்கிறதா என்ற கேள்வி 2019-ஆம் ஆண்டுச் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிலும் விவாதத்துக்கு வந்தது.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. இவற்றில் "ஆய்வாளர்" என்ற பதவி இல்லை. "ஆய்வாளர் மற்றும் வசதியாளர்" இருக்கிறார். சட்டத்தை எப்படிப் பின்பற்றுவது என்று முதலாளிக்கு ஆலோசனை சொல்வதும் அவர் கடமை. ஊதியத் தொகுப்புச் சட்டத்தின்படி, பதிவேடு பராமரிக்காதது போன்ற குற்றங்களில் வழக்குத் தொடரும் முன் திருத்திக்கொள்ள வாய்ப்பளிக்க வேண்டும். அதாவது, தொழிலாளி வேலை செய்ததற்கான ஒரே ஆவணத்தை இல்லாமல் செய்த முதலாளிக்கு அவகாசம். குறைந்த ஊதியம் கொடுத்தால் முதல் முறை அபராதம் மட்டுமே. பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் இருந்த ஆறு மாதம் வரையிலான சிறைத் தண்டனை இப்போது முதல் குற்றத்துக்கு இல்லை. வருமான வரித் துறை முன்கூட்டியே அவகாசம் கொடுத்துவிட்டுச் சோதனைக்குச் செல்வதில்லை. அரசின் பணம் ஏய்க்கப்பட்டால் சோதனை. தொழிலாளியின் பணம் ஏய்க்கப்பட்டால் ஆலோசனை.

பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பை 10 தொழிலாளர்களிலிருந்து 20-ஆக உயர்த்தியிருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் குறித்த பிரிவுகளுக்கான வரம்பு 20-இலிருந்து 50-ஆகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் மையப் பணிகளில் ஒப்பந்த முறை கூடாது என்று சொல்லும் அதே சட்டம், மையமல்லாத பணிகள் எவை என்று ஒரு பட்டியல் தருகிறது. அதற்கென்றே அமைக்கப்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும் விலக்களித்துவிட்டு, அப்பட்டியலின் முதல் இடத்தில் கூட்டுதல், கழுவுதல், கழிவகற்றுதல் ஆகிய தூய்மைப் பணிகளை வைத்திருக்கிறது. சாதியின் பெயர் சட்டத்தில் இல்லை. ஆனால் எந்தச் சாதியின் உழைப்பு ஒப்பந்ததாரரிடம் விடப்படுகிறது என்பதை நாம் அறிவோம்.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊதியக் கோரிக்கை மனுவுக்கான காலவரம்பு ஆறு மாதங்களிலிருந்து மூன்றாண்டுகளாக நீண்டிருக்கிறது. உரிய ஊதியம் கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று 59-ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கறிஞர்களாகிய நாங்கள் இவற்றை முழுமையாகப் பயன்படுத்துவோம். ஆனால் மனுப் போடத் துணியும் தொழிலாளிக்கே இவை உதவும். போடத் துணியாதவருக்காகத்தான் ஆய்வாளர்.

ஊழல் என்னும் எதிர்வாதம்

ஆய்வாளர்கள் மாமூல் வாங்குகிறார்களே, அவர்கள் அதிகமானால் இலஞ்சம்தானே பெருகும் என்று நம் தோழர்களே கேட்பதுண்டு. அந்த அனுபவம் பொய்யன்று. ஆலை நிர்வாகத்தின் அறையில் தேநீர் அருந்திவிட்டுத் திரும்பும் அலுவலர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அலுவலரும் முதலாளியும் ஒரே சாதி வலைப்பின்னலில் இருப்பதையும் பார்த்திருக்கிறோம். ஆனால் காவல் துறையில் ஊழல் இருப்பதால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. அலுவலரைப் பொறுப்புக்கூற வைக்கப் போராடுகிறோம். ஒரு பகுதி முழுமைக்கும் ஒரே ஆய்வாளர் என்றால் அவரைக் கையில் போட்டுக்கொள்வது எளிது. பல அலுவலர்கள், தொழிற்சங்கப் பிரதிநிதிகள் உடனிருக்கும் கூட்டாய்வு, பொதுவில் வெளியிடப்படும் ஆய்வறிக்கை ஆகியவை இருந்தால் அது கடினமாகும்.

நாம் செய்யக் கூடியவை

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஒவ்வொரு சட்ட மாணவரும் படிக்க வேண்டும். அன்றைய குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை இடைத்தரகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு ரூபாயிலிருந்து நீதிபதி பகவதி, குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்ற முடிவுக்கு வந்தார். தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆம் உறுப்பைப் போலவே இதையும் தனியாருக்கு எதிராக நடைமுறைப்படுத்துவது அரசின் கடமை என்றார். தொழிலாளர் சட்ட மீறல்களுக்கு அற்ப அபராதம் விதித்து விட்டுவிடும் நீதிமன்றங்களையும் கண்டித்தார்.

2015-இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கட்டாய உழைப்பிலோ கொத்தடிமை உழைப்பிலோ ஈடுபடுத்துவதை வன்கொடுமை என்கிறது. 1982 தீர்ப்பையும் இந்தப் பிரிவையும் இணைத்து வாதிட இடமுண்டு. அப்படிப்பட்ட வழக்குகளை நாம் தொடுக்க வேண்டும்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976 புதிய தொகுப்புகளுக்குள் கரைக்கப்படவில்லை. அதன் 13-ஆம் பிரிவின்படி மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் அம்மாவட்டத்தைச் சேர்ந்த பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் மூவர் இடம்பெற வேண்டும். நம் மாவட்டத்தில் அந்த மூவர் யார்? குழு கடைசியாக எப்போது கூடியது? தொழிலாளர் துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, கடந்த ஆண்டு முன்னறிவிப்பின்றி நடந்த ஆய்வுகள் எத்தனை, அவற்றில் எத்தனை வழக்குகளாயின? இவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க 10 ரூபாய்க் கட்டணமும் ஒரு தாளும் போதும். கல்லூரி மாணவர்கள் மாவட்டத்துக்கு இருவர் இதை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டின் காலி நாற்காலிகளின் வரைபடம் நம் கைக்கு வந்துவிடும். சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பவும் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுக்கவும் அதுவே அடிப்படை.

உழைப்பவர்களே கண்காணிப்பாளர்களாக முடியும் என்பதையும் திண்டுக்கல் காட்டியிருக்கிறது. அம்மாவட்டத்தின் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் பணியாற்றிய இளம் தலித் பெண் 2021-இல் தன் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதற்குப் பிறகு நடத்திய போராட்டம், 2022-இல் நிறுவனத்தையும் சர்வதேச ஆடை வணிக நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒப்பந்தமாக முடிந்தது. ஆலைத் தளத்திலேயே தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பழிவாங்கலுக்கு எதிரான பாதுகாப்பும் அதில் எழுதப்பட்டது. இது அரசுக்கு மாற்றாகாது. ஏற்றுமதி நிறுவனத்தை வெளிநாட்டு வாங்குநர் வழியாக நெருக்கலாம். செங்கல் சூளை முதலாளியை நெருக்க அப்படி எவரும் இல்லை. அங்கே அரசுதான் வந்தாக வேண்டும்.

நம் இயக்கங்கள் முதல் தகவல் அறிக்கைக்காகக் காவல் நிலைய வாசலில் நிற்கக் கற்றிருக்கின்றன. தொழிலாளர் துறை அலுவலகத்தின் வாசலில் நிற்க இன்னும் கற்கவில்லை. எங்களிடம் வந்த பதினொரு பெண்களில் வேலை இழந்த இருவரும் இப்போது வேறொரு ஊரில், வேறோர் ஒப்பந்ததாரரிடம் குப்பை அள்ளுகிறார்கள். அங்கும் ஊதியச் சீட்டு இல்லை. அவர்கள் மறுபடியும் ஒரு மனுவில் முதல் கையெழுத்திடும் நிலை வரும் முன், அந்த வளாகத்துக்குள் ஓர் ஆய்வாளர் தானாக நுழைந்து பதிவேட்டைக் கேட்க வேண்டும். அதுவரை அந்தக் காலி நாற்காலியை நாம் சாதிப் பிரச்சினையாகவே பேசுவோம்.